ஐஸ் கம்பெனிக்காரன் பார்வையில் நம் மின்வாரியம்

ஐஸ் தயாரிப்பவனுக்குத் தண்ணீர் இரண்டாவது மூலப்பொருள். முதலாவது மின்சாரம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஒரு டன் ஐஸுக்கு எங்கள் கம்ப்ரெசரும் பம்புகளும் சுமார் 70 யூனிட் எடுத்துக்கொள்கின்றன. யூனிட் எட்டு ரூபாய்ச் சொச்சம் என்றால், 50 கிலோ பார் ஒன்றில் 28, 29 ரூபாய் மின்சாரத்துக்கே போய்விடுகிறது. குளிரூட்டும் அம்மோனியா விற்பவரையும், பார் உறையவைக்கும் தகர அச்சான கேன் செய்து தருபவரையும் விட எனக்கு முக்கியமான வியாபாரி மின்வாரியம்தான். 2024ல் வாரியத்தின் டான்ஜெட்கோ நிறுவனத்தை உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மூன்று கழகங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் அது இன்னும் மின்வாரியம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சரக்கின் தரம். 2008ல் தொடங்கி சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தைத் தொழில் நடத்தியவர்கள் யாரும் மறக்கவில்லை. 2012ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ஐஸ் கம்பெனியில் கேன்களை இறக்கிவைக்கும் உப்புநீர்த் தொட்டி குளிர்ந்தே இருப்பதால் ஒரு மணி நேர வெட்டைத் தாங்கிவிடலாம். நான்கு மணி நேரம் போனால் பார் முழுதாக உறையாது, நடுவில் தண்ணீர் நிற்கும். கடலுக்குப் போகும் படகுக்காரர் அதைத் தொடமாட்டார். ஜெனரேட்டர் ஓட்டினால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். இன்றைய டீசல் விலையில் யூனிட் 26 ரூபாய்க்கு மேல் அடக்கமாகிறது. அந்த விலையில் ஐஸ் விற்க முடியாது.

இன்று அந்த நிலை இல்லை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தத் தேவையையும் சமாளித்தார்கள். எங்கள் பகுதியில் வரும் தடங்கல் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படும் பராமரிப்பு நிறுத்தம். இன்னொன்று உப்பால் வருவது. கடற்காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்து மின்கம்பியைத் தாங்கும் கம்பத்துப் பீங்கான்களில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். வெயில் காலம் முழுக்க அது சும்மா இருக்கும். அதிகாலைப் பனியோ முதல் தூறலோ பட்டதும் படலம் ஈரமாகி, பீங்கான் மேலேயே நீலமாகப் பொறி ஓடும், எங்கள் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைன் நின்றுவிடும். அந்த நேரத்தில் லைன்மேன் கையுறையைப் போட்டுக்கொண்டு, லைனை எர்த் செய்துவிட்டு ஏறி, பீங்கானை ஒவ்வொன்றாகத் துணியால் துடைப்பதைப் பலமுறை கீழே நின்று பார்த்திருக்கிறேன். துடைத்த துணி கருப்பும் வெள்ளையுமாக இருக்கும், கரித்தூசியும் உப்பும். இந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். களத்தில் ஆட்கள் இன்னும் அதிகம் வேண்டும்.

விலைக்கு வருகிறேன். இங்கேதான் நிறையச் சொல்ல இருக்கிறது.

2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. நிலக்கரி, கப்பல் வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரே தாவல். 50 முதல் 112 கிலோவாட் வரையுள்ள தாழ்வழுத்தத் தொழிற்சாலைகளுக்கு நிலைக்கட்டணம், அதாவது மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டும் தொகை, கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது, 150 ஆனது. நூறு கிலோவாட் வைத்திருப்பவர் 3,500 கட்டிய இடத்தில் 15,000 கட்ட வேண்டும். எட்டு ஆண்டு உயர்த்தாமல் விட்டதை யாரும் சலுகை என்று சொல்ல வேண்டாம். அந்த ஆண்டுகளின் பற்றாக்குறை கடனாகச் சேர்ந்தது. மின் நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017ல் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் கடன் திரும்ப வளர்ந்தது. சேர்ந்த நஷ்டம் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. இப்போது ஜூலைதோறும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மிகாமல் உயர்த்தும் முறை இருக்கிறது: 2024ல் 4.83, 2025ல் 3.16 சதவீதம். இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். படகுக்காரரிடம் ஒரு பாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க முடியும், பத்து ரூபாய் கேட்க முடியாது.

நிலைக்கட்டணத்தை என் சக முதலாளிகள் வெறுக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு ஓடாது, ஐஸ் விற்காது, ஆனாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். நானும் கட்டுகிறேன். ஆனால் வாரியத்தின் கணக்கைப் படித்தால் அதுவும் இதே நிலையில்தான் இருக்கிறது என்பது தெரியும். பற்றாக்குறைக் காலத்தில், 2013ல், தனியார் அனல்மின் நிறுவனங்களோடு 15 ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மின்சாரம் எடுத்தால்தான் எரிபொருள் விலை. எடுக்காவிட்டாலும், நிலையம் தயாராக இருந்தால் நிலைச்செலவைக் கொடுக்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும்போது அனல் நிலையங்களைத் தணித்து ஓட்டச் சொல்வார்கள். உற்பத்தி குறையும், நிலைச்செலவு குறையாது.

எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, 1979க்கும் 1992க்கும் இடையில் வந்தவை. முதலீடு எப்போதோ ஈடாகிவிட்டது. மீதிச் செலவில் பெரும்பகுதி நிலக்கரியும் அது வரும் வழியும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப், பாரதீப்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி, இறங்குதளத்திலிருந்து கன்வேயரில் நிலையம். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவுக்கு நிலக்கரி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். சுரங்கத்து விலையைவிட வழிச்செலவு கனமாக இருக்கும் சரக்கு இது. வயதான அலகுகள் அடிக்கடி பழுதாகும். 2025 மார்ச்சில் கேபிள் பகுதியில் பற்றிய தீ முதல் இரண்டு அலகுகளை முடக்கியது. சொந்த அலகு நின்றால் அந்த யூனிட்டை வெளிச்சந்தையில் வாங்க வேண்டும்; மாலை ஆறு மணிக்குமேல் சந்தை விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அரசு நிறுவனம் என்பதாலேயே நஷ்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட்டுகளுக்கு இலவசம், 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்: இவை அரசு எடுத்த முடிவுகள், சரியான முடிவுகளும்கூட. அதற்கான மானியம் முழுதாக, தவணை தவறாமல் வாரியத்தின் கைக்கு வந்துசேர வேண்டும். தாமதமானால் வாரியம் கடன் வாங்கும்; வட்டி என் பாருக்குள் வந்து உட்காரும்.

எங்கள் மாவட்டத்து உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு 2017ல் மத்திய அரசின் பெல் (BHEL) நிறுவனத்திடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நிலையம் ஒரு யூனிட்கூடத் தராத நாளிலும் கட்டுமானக் கடனுக்கு வட்டி ஓடும். பிறகு அந்த வட்டி மொத்தச் செலவில் சேர்ந்து, யூனிட் விலையாக 25 ஆண்டுகளுக்கு நம்மிடம் வசூலாகும். மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து இரண்டு கோரிக்கை வைக்கப்போகிறேன். தடைக்கால நிலைக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டாம், மீதிப் பத்து மாதங்களில் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். உடன்குடி தாமதத்தால் ஏறிய வட்டி எவ்வளவு என்று தனித் தலைப்பில் காட்டுங்கள், அதை நுகர்வோர் கணக்கில் ஏற்றாதீர்கள்.