எக்செல் தாளா, ஒரே தரவுக் கிடங்கா?

வங்கியின் இடர் விவரங்களை, அதாவது எங்கே எவ்வளவு நட்டம் வரலாம் என்ற கணக்கைத் திரட்டப் பலரும் பழகிய வழி, ஒவ்வொரு துறையும் எக்செலில் கணக்கு அனுப்ப, தலைமையகத்தில் ஒருவர் ஒட்டிச் சேர்ப்பது. செலவு குறைவு, புதுக் கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் போட்டுவிடலாம். சரி, ஆனால் ஒரே வாடிக்கையாளர் கடன் பிரிவில் முழுப் பெயரிலும் வங்கியின் பணத்தை நிர்வகிக்கும் கருவூலப் பிரிவில் சுருக்கப் பெயரிலும் இருந்தால், இரண்டும் ஒருவர்தான் என்பது தாளுக்குத் தெரியாது. 2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, அதனிடம் தங்கள் பணம் மொத்தம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று பல வங்கிகளால் சட்டெனச் சொல்ல முடியவில்லை. 2012இல் அமெரிக்க வங்கியான ஜேபி மார்கனின் லண்டன் பிரிவு சுமார் 620 கோடி டாலர் இழந்த விவகாரத்தில், இடரை அளந்த எக்செல் தாளில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். அதனால் ஏற்ற இறக்கமும், அதை வைத்துக் கணித்த இடரும் குறைவாகத் தெரிந்தன.

இன்னொரு வழி, எல்லாப் பிரிவுக்கும் ஒரே தரவுக் கிடங்கு, ஆளுக்கு ஒரே அடையாள எண். வங்கி மேற்பார்வைக்கான பன்னாட்டு அமைப்பான பேசல் குழு, இடர் விவரங்களைத் திரட்டுவது பற்றி 2013இல் வெளியிட்ட 14 கோட்பாடுகள் துல்லியம், முழுமை, நெருக்கடியிலும் வேகம் என்று கேட்பதற்கு இதுவே பொருந்துகிறது. கட்டி முடிப்பது பெரும்பாடு: மிகப்பெரிய வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை கெடு கொடுத்தும் பெரும்பாலானவை முடிக்கவில்லை.

இருந்தாலும் என் கட்சி கிடங்குதான். அவசர ஆய்வுக்கு எக்செல் இருக்கட்டும். இயக்குநர் குழுவுக்குப் போகும் எண்ணைக் கையால் ஒட்ட வேண்டாம்.