200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்: பரண் பலகைக்குக் கால் போடப் போதுமா?

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 200ஐ மறந்துவிடலாம். பழைய பரண் பலகைக்கு இரும்புக் கால், இடித்த வீட்டுக் கதவை மேசையாக்க ஒரு சட்டம் என்று வீட்டு வேலைக்கு 55 முதல் 90 ஆம்ப்ஸ் வரை ஆட்டமில்லாமல் கிடைத்தால் போதும். தோளில் மாட்டி மாடியேற்றக்கூடிய இந்த சிங்கிள் ஃபேஸ் மெஷின்கள் அந்த அளவுக்கு நன்றாகவே உழைக்கின்றன. சொதப்புவது கூடவே தரும் சாமான்கள்தான்.

2.5 எம்எம் வெல்டிங் ராடை (உருகி மூட்டை ஒட்டவைக்கும் குச்சி) 75 ஆம்ப்ஸில் ஓட்டினால் வீட்டு லைனிலிருந்து சுமார் 13, 14 ஆம்ப்ஸ் இழுக்கும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்ப்ஸ் பாயின்ட் தாங்கும், மிக்சி பாயின்ட் தாங்காது. 3.15 ராடை 110இல் வைத்தால் 20ஐத் தொடும், எம்சிபி விழலாம். அதற்கு மெஷினைத் திட்டிப் பயனில்லை. எக்ஸ்டென்ஷன் வேண்டுமானால் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர்; சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் சூடு வெளியேறாமல் மேலுறை இளகும்.

பெட்டிக்குள் வரும் எர்த் கிளாம்ப் (வேலைப் பொருளைக் கவ்வும் கிளிப்) பெரும்பாலும் தகர விளையாட்டுச் சாமான். ஸ்பிரிங் தளர்ந்து, பிடிக்கும் இடத்தில் பொறி பறக்கும், ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) விட்டு விட்டு எரியும். பித்தளைக் கிளாம்ப் ஒன்று வாங்கி மாட்டி, பிடிக்கும் இடத்தில் பெயின்டையும் துருவையும் தேய்த்துவிட்டால் பாதிப் புகார் தீர்ந்தது. கேபிளும் குட்டை. கையில் பிடிக்கும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு தலையில் மாட்டும் ஹெல்மெட் வாங்குங்கள். மூலைமட்டத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

மேசைக் காலுக்கு ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ். சுவர் 1.6 எம்எம்தான், ஓட்டை விழுவது இங்கேதான். 6013 என்ற வகை ராடு, 55 முதல் 65 ஆம்ப்ஸ், ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மெஷினின் மைனஸ் முனைக்கு மாற்றி, ஒரு இன்ச் ஓட்டி நிறுத்தி ஓட்டினால் பிழைக்கும். வெட்டும்போது இடைவெளி விட்டுவிட்டால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. நான்கு மூலையிலும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, குறுக்களவு இரண்டும் சமமா என்று டேப்பில் பார்த்த பிறகே முழு வெல்டு. அதையும் எதிரெதிர் மூலையாக. ஒரே மூலையை முடித்துவிட்டு நகர்ந்தால் இழுத்துக்கொண்டு நாலாவது கால் தரையைத் தொடாது. ஜிஐ பைப் என்றால் மூட்டில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுங்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் கொண்டுவிடும்.

இந்த மெஷின்கள் சீக்கிரம் சாக முக்கியக் காரணம் கிரைண்டர் தூள். பக்கத்தில் வைத்து அறுத்தால் ஃபேன் இரும்புத் தூளை உறிஞ்சி போர்டில் அப்பும், ஒருநாள் பட்டென்று போகும். அறுக்கும்போது தள்ளி வையுங்கள். அதே தூள் ஈரத்தோடு தேக்கில் பட்டால் கருங்கறை. ஆகவே வெல்டு, தேய்ப்பு, ரெட் ஆக்சைடு எல்லாம் முடிந்த பின்பே பலகையை வெளியே எடுக்க வேண்டும்.

பலகையில் முதல் வேலை காந்தம். தலை உடைந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தாலும் இழைப்பு மெஷின் பிளேடு பல் விழும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். சட்டத்தில் ஸ்க்ரூ போடும் துளையை வட்டமாக விடாமல், பலகையின் அகலவாக்கில் 10 எம்எம் நீளத்துக்கு இழுத்து விடுங்கள். ஐப்பசியில் உப்பிய மரம் சித்திரையில் சுருங்கும்போது ஸ்க்ரூ நகர இடமில்லையென்றால் பலகை நடுவில் கீறும்.