உயிரியல் படிக்காமல் நீட் எழுத நினைக்கும் பொறியாளர்களுக்கு: நான் 1,65,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த விதம்

வேலையில் இருந்துகொண்டோ வேலையை விட்டுவிட்டோ மருத்துவம் படிக்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்ததால் உயிரியல் படிக்காமல் போனவர்கள், எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் உள்ள மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியராக எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நள்ளிரவில் அலாரம் அடித்து நின்றுபோன இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருப்பவர் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, “அம்மா, எனக்கு இது இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லையே என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. நீட் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கியிருந்ததால், முப்பது வயதில் எனக்கு வயது ஒரு தடையாக இருக்கவில்லை. உயிரியல்தான் தடை.

அந்தத் தடைக்கும் முறையான வழி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர்கள், பின்னர் அதைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேர்ச்சி பெற்றால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இருந்த தடையும் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விலகியது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் சேர்ந்து எழுத முடியும்; கட்டணமும் சில ஆயிரங்களைத் தாண்டாது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஏமாந்த பிறகுதான். அன்று எனக்குத் தெரிந்தது, “உயிரியல் இல்லாதவர்களுக்கும் ஏதோ வழி வந்துவிட்டதாம்” என்ற அரைகுறைச் செய்தி மட்டுமே. அந்த அரைகுறை அறிவைத்தான் அவர்கள் விலைக்கு விற்றார்கள்.

2024 ஜூனில், ‘வேலை செய்வோருக்கான வார இறுதி நீட் வகுப்பு’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு அந்த மையத்துக்குள் போனேன். அங்கிருந்த ஆலோசகர் என் மதிப்பெண் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு, “மேடம், பயாலஜியெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஓப்பன் ஸ்கூல் ரிஜிஸ்ட்ரேஷன், பிராக்டிகல், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம். நீங்க நீட்டுக்கு மட்டும் படிங்க” என்றார். பயிற்சிக்கு 1,20,000 ரூபாய், உயிரியல் பதிவுக்குத் தனியாக 45,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணத்தைக் கட்டினேன். பயிற்சிக் கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். மீதிப் பணத்தை ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். செய்முறைத் தேர்வை இன்னொருவர் எப்படிப் ‘பார்த்துக்கொள்ள’ முடியும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கேட்டால் வழி அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

வகுப்புகளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நீட் தேர்விலிருந்தே பாடத்திட்டம் குறைக்கப்பட்டுவிட்டது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், உயிரியலில் செரித்தலும் உறிஞ்சுதலும் போன்ற பாடங்கள் நீக்கப்பட்டுவிட்டன. எங்களுக்குக் கொடுத்த நகல் புத்தகத்தில் அவை அனைத்தும் இருந்தன. சனிக்கிழமை இரவு சர்வீஸ் முடித்துவிட்டு வந்து, ஞாயிறு காலையில் கண் எரிய எரிய உட்கார்ந்து, தேர்வில் வரவே வராத திட நிலைமைப் பாடத்தை மூன்று வாரம் படித்திருக்கிறேன். 2025 தேர்வில் விருப்பக் கேள்விகள் கிடையாது, 180 கேள்விகளை 180 நிமிடங்களில் எழுத வேண்டும் என்று ஜனவரியில் அறிவிப்பு வந்த பிறகும், 200 கேள்விகள் கொண்ட பழைய மாதிரித் தாள்களையே பிப்ரவரி வரை கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாரத்தில் கிடைப்பதே பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அதை இப்படித் திருடுவதும் பணத்தைத் திருடுவதற்குக் குறைந்ததல்ல.

திறந்தநிலைப் பள்ளியின் பதிவு எண்ணை ஜூலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். “டெல்லியிலிருந்து வரணும் மேடம்” என்ற ஒரே பதிலைத்தான் மாதக்கணக்கில் சொன்னார்கள். 2025 பிப்ரவரி 7ஆம் தேதி நீட் விண்ணப்பம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு விவரங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்ததும் நேரில் போய் விடாப்பிடியாக நின்றேன். அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு மதிப்பெண் சான்றிதழின் படம் வந்தது. உயிரியல், 2024 அக்டோபர் தேர்வு, செய்முறையில் 20க்கு 18. அந்த அக்டோபரில் நான் எந்தத் தேர்வறைக்கும் போகவில்லை. எந்த ஆய்வகத்திலும் கால் வைக்கவில்லை. என் தந்தையின் பெயரில், அந்த மையத்தின் சேர்க்கைப் படிவத்தில் அவர்கள் செய்திருந்த அதே எழுத்துப்பிழை அந்தச் சான்றிதழிலும் இருந்தது. அதிலிருந்த பதிவு எண்ணை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு மாணவரே இல்லை.

கைகள் நடுங்கின. பணம் போனதற்காக மட்டுமல்ல. அந்தப் படத்தை நம்பி விண்ணப்பித்து, தேர்வெழுதி, இடமும் கிடைத்துக் கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நின்றிருந்தால், குற்றவாளியாக நின்றிருப்பது அந்த ஆலோசகர் அல்ல, நான். 2020இல் சென்னைக் கலந்தாய்வுக்குப் போலி நீட் மதிப்பெண் சான்றிதழுடன் வந்த ஒரு மாணவி மீதும் அவருடைய தந்தை மீதும் வழக்குப் பதிவானது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். போலிச் சான்றிதழ் தயாரிப்பவர் தன் பெயரை அதில் எங்கும் எழுதுவதில்லை. அதில் இருப்பது நம் பெயர் மட்டுமே.

நான் போய்க் கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை, பதறவும் இல்லை. “அப்படின்னா வெளிநாட்டுக்குப் போயிடுங்க மேடம், நீட்டே வேண்டாம்” என்று அடுத்த விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார்கள். இதுவும் பொய். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் பதிவு செய்ய விரும்புகிறவருக்கும் நீட் தகுதி கட்டாயம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி, ஆங்கில வழிக் கல்வி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளும் லட்சக்கணக்கான பணமும் வீண்.

விண்ணப்பத்தின் கடைசி நாளான மார்ச் 7 கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதே வாரத்தில் திறந்தநிலைப் பள்ளி இணையதளத்தில் நானே உட்கார்ந்து, என் கைப்பேசி எண்ணையும் என் மின்னஞ்சலையும் கொடுத்து, உயிரியலுக்குப் பதிவு செய்தேன். கல்வி மையத்தின் ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து, சாயமிட்டு, காற்றுக் குமிழி விழாமல் மேலே கண்ணாடி வில்லையை வைக்க எனக்கு நான்கு முறை தேவைப்பட்டது. நுண்ணோக்கியில் செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள் தெளிவாகத் தெரிந்தபோது, இதையா எனக்குத் தேவையில்லை என்று சொன்னார்கள் என்று மனம் கொதித்தது.

அக்டோபர் தேர்வை எழுதி முடித்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கியிருக்கிறேன்; மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இடையில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டி எழுதிய பிறகு 30,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. உயிரியல் பதிவுக்கென்று கொடுத்த 45,000 ரூபாயைத் தாங்கள் வாங்கவே இல்லை என்கிறார்கள். அந்தப் பணம் போனதற்கு இன்று என்னிடம் இருக்கும் சான்றுகள், வங்கிக் கணக்கு அறிக்கையில் உள்ள ஒரு வரியும், அழிக்காமல் வைத்திருந்த அந்த வாட்ஸ்அப் உரையாடலும்தான். இப்படிப் பணம் கொடுத்திருப்பவர்கள் உங்கள் பதிவு எண்ணை இன்றே கேட்டு வாங்கி, நீங்களே இணையதளத்தில் சரிபாருங்கள். நாளைக்குத் தருகிறோம் என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.