ரங்கூன் லாட்ஜ் வைஃபையும் நம்பரை மாற்றிக்கொள்ளும் என் போனும்

கரன்ட் போனதையும் டாக்ஸி வாடகையையும் பற்றி எழுதப் போவதில்லை. ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரிந்ததுதான். இந்த முறை ஒரு லாட்ஜ் கவுன்டரில், என் ரூம் வைஃபையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். சிங்கப்பூர் திரும்பிய பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருப்பதால் சொந்த அக்கா வீட்டிலேயே தங்க முடியாத நிலை, லாட்ஜ்தான். அனவ்ரத்தா சாலையில், அப்பா கடைசிவரை ஃபிரேசர் ஸ்ட்ரீட் என்றே சொன்ன அதே சாலையில், காளி கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இடம் கிடைத்தது. ரூம் நல்ல ரூம். வைஃபைக்குப் பாஸ்வேர்டு கிடையாது. சேர்ந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும், கவுன்டரில் தரும் சீட்டில் உள்ள எண்ணை அதில் போட வேண்டும். ஒரு ரூமுக்கு இரண்டு கருவிதான். என் ஐபோன் ஒன்று, மனைவியின் ஆண்ட்ராய்டு ஒன்று. சரி, கணக்கு முடிந்தது.

பயணத்தின் பின்பாதியில் ஒரு காலை, அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சிங்கப்பூர் டாக்டருக்கு அனுப்ப உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மறுபடியும் சீட்டு எண் கேட்டது. போட்டால், இரண்டு கருவியும் ஏற்கெனவே பதிவாகிவிட்டன என்கிறது. கீழே போய்க் கேட்டேன். கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்கள் ரூமில் இரண்டு போன் இருக்கிறது, இது மூன்றாவது போன்" என்றாள். என் கையில் இருப்பது முதல் நாள் அவள் முன்னாலேயே பதிந்த அதே போன். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வெளியில் யாருக்கோ கொடுத்திருக்கிறீர்கள், புதுச் சீட்டுக்குப் பணம் கட்டுங்கள் என்று முடித்துவிட்டாள்.

தெருவோரம் மேசை போட்டு லேண்ட்லைன் போனை வைத்து நிமிடத்துக்குக் காசு வாங்கிய காலத்தில் வளர்ந்தவன் நான். அந்த மேசைக்காரர்கள் காசு குறைந்தால் நாளைக்குத் தா என்பார்கள். 2014இல் 1,500 கியாட்டுக்கு சிம் வந்து அந்த மேசைகளெல்லாம் போயே போய்விட்டன. அன்று இருந்த நம்பிக்கையும் கூடவே போய்விட்டதோ என்று அன்று காலை உண்மையிலேயே வருந்தினேன்.

அக்கா மகன் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். வந்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். "மாமா, அவ மேல கோவப்படாதீங்க. போன் தன்னோட வைஃபை நம்பரை மாத்திடுச்சு" என்றான். ஒவ்வொரு போனுக்கும் கம்பெனி போட்ட வைஃபை முகவரி ஒன்று உண்டு, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக. அது மாறாமலே இருந்தால் கடைக்குக் கடை, மால் மாலாக நம்மை அடையாளம் வைத்துப் பின்தொடரலாம். அதனால் ஆண்ட்ராய்டு 2019இலிருந்தும் ஐபோன் 2020இலிருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 18இல் இன்னும் ஒரு படி மேலே போய், பாஸ்வேர்டு இல்லாத வைஃபை என்றால் அந்தப் பொய் முகவரியையும் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறது. லாட்ஜ் கம்ப்யூட்டர் அந்த முகவரியை வைத்துத்தான் போனை எண்ணுகிறது. அதன் கண்ணுக்கு நான் புது ஆள்.

அவன் நிரூபித்த விதம் அழகு. கவுன்டர் திரையில் இருந்த பழைய முகவரியிலும் என் போன் இப்போது காட்டுகிற முகவரியிலும் இரண்டாவது இடத்தைப் பார்க்கச் சொன்னான். அங்கே 2, 6, ஆங்கில எழுத்து A, E இவற்றில் ஒன்று இருந்தால் அது போன் தானே உண்டாக்கிய முகவரி, கம்பெனி போட்டதில்லை. இரண்டிலும் இருந்தது. பழைய முகவரி முந்தைய இரவுக்குப் பிறகு தலைகாட்டவே இல்லை என்பதும் அதே திரையில் தெரிந்தது. பர்மிய மொழியில் பொறுமையாகச் சொன்னான். அந்தப் பெண் பழைய பதிவை அழித்துவிட்டாள், பணமும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் இது ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு உண்டு, அங்கே முகவரி தானாக மாறுவதில்லை. வெளியே, பொது இடங்களில் கிடைக்கும் இலவச வைஃபையான வயர்லெஸ் அட் எஸ்ஜி என் சிம்மைப் பார்த்தே உள்ளே விடுகிறது. முகவரி எதுவானாலும் அதற்குக் கவலையில்லை.

ஐபோனோடு ஊருக்குப் போகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். லாட்ஜ் வைஃபையில் சேர்ந்ததும், சீட்டு எண் போடுவதற்கு முன்னாலேயே, செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொடுங்கள். பிரைவேட் வைஃபை அட்ரஸ் என்பதில் ரொட்டேட்டிங் இருந்தால் ஃபிக்ஸ்டு ஆக்குங்கள். முன்னாலேயே என்று சொல்வதற்குக் காரணம், பதிந்த பிறகு மாற்றினால் அப்போதும் முகவரி மாறிப்போகலாம். ஆஃப் செய்ய வேண்டாம். அது போனின் உண்மை முகவரியையே கொடுத்துவிடும். ஃபிக்ஸ்டு என்றால் அந்த லாட்ஜுக்கு மட்டும் ஒரே பொய் முகவரி நிற்கும். மனைவியின் ஆண்ட்ராய்டு ஒரு வைஃபைக்கு ஒரே பொய் முகவரியை வைத்துக்கொண்டிருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏர்போர்ட், டீக்கடை வைஃபைகளில் ரொட்டேட்டிங்கை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை இது மறைக்காது. அது வேறு விஷயம்.

லாட்ஜ்காரர்களிடம் ஒரே வேண்டுகோள். கருவியை எண்ணுவது உங்கள் உரிமை. சீட்டிலேயே, ஐபோன் வைத்திருப்பவர்கள் ஃபிக்ஸ்டு போடுங்கள் என்று பர்மியத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் தங்க வருகிற எங்களைப் போன்றவர்களை அதற்குப் பிறகு சந்தேகப்பட வேண்டியிருக்காது.