வெர்ஜா, ஆங்கரா? லண்டன் பாணி மேசைக் கடிகாரம் செய்ய உட்காருமுன்

தாமஸ் டாம்பியன், ஜோசப் நிப் என்ற கடிகாரக் கைவினைஞர்களின் காலத்து லண்டன் மேசைக் கடிகாரங்களின் தலையில் ஒரு கைப்பிடி இருக்கும். அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கத்தான் அது. பகலில் வரவேற்பறை, ராத்திரி படுக்கையறை. 17ஆம் நூற்றாண்டில் அறைக்கொரு கடிகாரம் வாங்க எத்தனை பேரால் முடியும்? அந்தப் பாணியில் ஒன்றைக் கையால் செய்யப் போகிறவர் எஸ்கேப்மென்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கைப்பிடியை மறந்துவிடக் கூடாது.

ஸ்பிரிங்கின் விசையைப் பல் பல்லாக விடுவித்து ஊசலை ஆட வைக்கும் பகுதிதான் எஸ்கேப்மென்ட். வெர்ஜ் பழையது. கிரீடம் போலப் பற்கள் மேல்நோக்கி நிற்கும் ஒரு சக்கரம். அதன் மேல் குறுக்காக ஒரு எஃகுத் தண்டு. தண்டில் இரண்டு சிறு இறக்கைகள். தண்டின் பின்முனை கத்தி விளிம்பு மாதிரி ஒரு தாங்கியில் உட்காரும். குட்டை ஊசல் நேராக அதிலேயே தொங்கும். ஆங்கர் 1670களில் லண்டனில் பரவியது. கண்டுபிடித்தது ராபர்ட் ஹூக்கா, வில்லியம் கிளெமென்ட்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நங்கூர வடிவத் துண்டு ஒன்று தட்டைச் சக்கரத்தின் பற்களை மாறி மாறிப் பிடித்துவிடும். ஊசல் கொஞ்சமாகத்தான் ஆடும்.

நேரம் சுத்தமாக வேண்டுமென்றால் ஆங்கர்தான். வெர்ஜில் ஊசல் அகலமாக வீசுவதால், விசை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஓட்டம் மாறும். ஆனால் ஆங்கர் தன் முழுத் திறமையைக் காட்டியது ஆளுயரக் கடிகாரங்களில், வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் 99 செ.மீ. ஊசலோடு. மேசைக் கடிகாரப் பெட்டிக்குள் அதற்கு இடம் ஏது? அரை விநாடி ஊசலுக்கே 25 செ.மீ. வேண்டும். ஆக, ஆங்கரின் அனுகூலத்தில் பாதி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பட்டறையில் ஆங்கர் சுலபம். எஃகுத் தகட்டில் வரைந்து, அறுத்து, அரம் போட்டுப் பளபளப்பாக்கலாம். தேய்ந்து பள்ளம் விழுந்தால் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம். வெர்ஜ் அப்படி விடாது. கிரீடச் சக்கரத்தின் பற்கள் ஒற்றைப்படையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு பல் குட்டையானால் ஓட்டம் நொண்டும். நான் செய்த முதல் தண்டுக்கு மூன்று நாள் அரம் போட்டேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தால், ஒரு இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல். எல்லாம் முதலிலிருந்து.

இருந்தும் என் ஓட்டு வெர்ஜுக்கே. மேசை சற்றுச் சாய்ந்திருந்தாலும் அது ஓடும். தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். ஆங்கரைச் சாய்த்து வைத்தால் டிக் ஒரு பக்கம் நீளும், டாக் குறுகும், கடைசியில் நின்றுபோகும். ஊசல் தொங்கும் மெல்லிய ஸ்பிரிங் பட்டையும் தூக்கும்போது மடங்கிவிடும். ஆங்கர் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் லண்டன்காரர்கள் மேசைக் கடிகாரத்தில் வெர்ஜை விடாததற்குக் காரணம் இதுதான். பிற்கால உரிமையாளர்கள் பலர் ஆங்கருக்கு மாற்றினார்கள். இப்போது பழுதுபார்ப்பவர்கள் வெர்ஜுக்கே திருப்புகிறார்கள். டூலிப் பூக்கள் செதுக்கிய பின்தகட்டில் சம்பந்தமில்லாமல் திருகுத் துளைகள் இருந்தால், இந்தக் கூத்துதான் நடந்திருக்கும்.

அடுத்தது ஃபியூசி. முழுதாக முறுக்கிய ஸ்பிரிங் பலமாக இழுக்கும், போகப்போகத் தளரும். அதைச் சமன் செய்யும் கூம்பில் எதைச் சுற்றுவது? ஆரம்பகால லண்டன் பாணி ஆட்டுக்குடல் நரம்பு. சங்கிலி பிறகு வந்தது. நரம்புக்கு வளைந்த பள்ளம், சங்கிலிக்குத் தட்டைப் பள்ளம், அதனால் கடைசலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நான் நரம்பு என்பேன். எஃகுக் கம்பி மட்டும் வேண்டாம், ஸ்பிரிங் அடங்கிய பித்தளை உருளையில் கோடு கிழித்துவிடும்.

மணி அடிக்கும் முறையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இருட்டில் கயிற்றை இழுத்து நேரம் கேட்க வேண்டுமென்றால், 1676இல் எட்வர்ட் பார்லோ கொண்டுவந்த ரேக் முறைதான்: எத்தனை அடி என்பதைப் பல் வெட்டிய ஒரு துண்டு அப்போதைய மணியைப் பார்த்துத் தீர்மானிக்கும். ஆனால் நிப் செய்த ரோமன் அடிப்பைப் பார்த்தால் ஆசை வரும்: I-க்கு ஒரு மணி, V-க்கு வேறொரு மணி, X-க்கு அதையே இரண்டு முறை. 12 மணி நேரத்தில் 78 அடிக்குப் பதில் 30 போதும், ஸ்பிரிங் மிச்சம்.

பெட்டிக்கு அன்று ஓக் பலகையின் மேல் கருங்காலி வெனீர் ஒட்டினார்கள். நம்மூரில் கருங்காலி என்றதும் மாலைதான் நினைவுக்கு வரும். கருப்பாக இருப்பதையெல்லாம் கருங்காலி என்று விற்பதில் மரக்கடைக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. மடகாஸ்கர் கருங்காலிக்கு 2013 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான ஒப்பந்தம்) கட்டுப்பாடு உண்டு. அரைத்தால் பறக்கும் தூளும் மூக்கை எரிக்கும். சாயம் ஏற்றிய பேரிக்காய் மரம் போதும், அந்தக் காலத்திலேயே அதுவும் வழக்கம். நெருக்கமான இழை, துளைகள் கண்ணுக்கே தெரியாது. கடுக்காய்க் கஷாயம் ஒரு கை பூசிக் காயவிட்டு, துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரை மேலே தடவினால், கலம்காரித் துணியின் கருப்பு கண்ணெதிரே ஏறும். மூலைகள் தேய்ந்தால் பழுப்பு எட்டிப் பார்க்கும். கஷாயம் கெட்டுப்போகும், அதைப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம். ஆணி வினிகரை மட்டும் ஒரு சீசாவில் மிச்சம் வையுங்கள்.