கடைக் கொம்பியூட்டரில் ஃபயர்பொக்ஸ் அப்டேட்: ஸ்னாப், டெப் இரண்டையும் பாவித்த அனுபவம்

களுவாஞ்சிக்குடியில் போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கடையில் உள்ளவை எல்லாம் பழைய மெஷின்கள். 2022 இல் எல்லாவற்றையும் விண்டோஸ் மாதிரியான இன்னோர் இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றினேன். லினக்ஸில் பல வகை உண்டு: ஒன்றில் உபுண்டு 22.04, மற்றவற்றில் லினக்ஸ் மின்ட். பிரவுசர் எல்லாவற்றிலும் ஃபயர்பொக்ஸ்தான், ஆனால் அப்டேட் வருகிற வழி வேறு. உபுண்டுவில் அது ஸ்னாப்பாக, அதாவது தேவையானதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு தானே அப்டேட் ஆகும் பொதியாக வரும். மின்டில் வழக்கமான டெப் பொதியாக, அதாவது மென்பொருளை நிறுவும் சாதாரண கோப்பாக வரும். இத்தனை காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், எனக்கு வேகம் பெரிய விஷயமாகப் படவில்லை. அப்டேட் நேரத்தை யார் தீர்மானிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்னாப் தானாகவே பார்த்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கு தடவை புதியது இருக்கிறதா என்று தேடும். பிரவுசர் திறந்திருந்தால் "மூடுங்கள், அப்டேட் காத்திருக்கிறது" என்று ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான், கையில் இருக்கும் வேலையைக் குழப்பாது. ஆனால் டேட்டா? ஃபயர்பொக்ஸ் ஸ்னாப் முழுதாக இறங்கினால் 200 எம்பிக்கு மேல் போகும். பெரும்பாலும் மாறிய பகுதியை மட்டும்தான் இறக்கும் என்றாலும், டொங்கிளில் ஓடும் கடைக்கு அதுவும் கணக்குத்தான். எங்கள் பக்கம் பலர் வாங்கும் பக்கேஜில் பகல் டேட்டா கொஞ்சம், இரவு டேட்டா தாராளம். இரவில் கடை பூட்டியிருக்கும், கொம்பியூட்டர் எப்படி இறக்கும்? கடைசியில் நெட்வேர்க் அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறித்து, மீட்டர்ட் இணைப்பில் அப்டேட் செய்யாதே என்று ஸ்னாப்புக்கும் சொல்லி வைத்தேன். வீட்டு வைஃபைக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு இறக்கிக்கொள்ளும். ஒரு மடிக்கணினிக்கு இது சரி. டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது.

டெப் வழியில், தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்தால், நான் சொன்னால்தான் இறங்கும். அளவும் ஸ்னாப்பைவிட நன்றாகக் குறைவு. அதைவிட நல்லது, ஒரே கோப்பை எல்லா மின்ட் மெஷினுக்கும் பாவிக்கலாம். வீட்டில் இரவு டேட்டாவில் 'ஆப்ட்-கெட் டவுன்லோட் ஃபயர்பொக்ஸ்' என்று கொடுத்தால், நிற்கிற கோப்புறைக்குள் டெப் கோப்பு வந்து விழும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, காலையில் கடை திறக்கும்போது வரிசையாக நிறுவிவிடுவேன். வீட்டு மெஷினும் கடை மெஷினும் ஒரே மின்ட் பதிப்பாக இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

காலையில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெப்பை நிறுவினால், பழைய பதிப்பு நினைவகத்தில், புதிய பதிப்பு டிஸ்கில் என்று ஆகிவிடும். அடுத்து ஒரு புதிய டேப் திறந்தால் பக்கம் வராது, மறுபடி தொடங்கச் சொல்லி நிற்கும். வீட்டில் என்றால் பரவாயில்லை, மறுபடி தொடங்கினால் டேப்கள் திரும்பி வரும். கடையில் ஆட்களின் விண்ணப்பங்களை நான் பிரைவேட் விண்டோவில்தான் திறப்பேன். அடுத்த ஆளுக்கு முந்தினவரின் விவரம் தெரியக்கூடாது அல்லவா? பிரைவேட் விண்டோ மட்டும் திரும்பி வரவே வராது. ஒருநாள் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடி முடிந்த நேரம், மண்டூரில் இருந்து பாதையில் (வாவியைக் கடக்கும் படகில்) ஏறி வந்த ஓர் ஐயாவின் படிவம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. "என்ன மனே, திரும்ப முதல்ல இருந்தா?" என்றார். ஓம் ஐயா, முதலில் இருந்துதான். அதற்குப் பிறகு மின்டின் அப்டேட் மனேஜரில் தானியங்கியை நிறுத்தினேன். நிறுத்தியவர் கையால் செய்தே ஆக வேண்டும், அது வேறு கதை.

"ஓடுகிறதுதானே, ஏன் அப்டேட்?" என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் 2025 மார்ச் 14. அன்றைக்கு, ஃபயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவின் பழைய மூலச் சான்றிதழ் (எக்ஸ்டென்ஷன்கள் நம்பகமானவையா என்று பிரவுசர் சரிபார்க்கப் பாவிக்கும் டிஜிட்டல் சான்று) ஒன்று காலாவதியானது. 128க்கு முந்தைய ஃபயர்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்றால் 115.13க்கு முந்தையதை வைத்திருப்பவர்களுக்கு, எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்கள்) முடங்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். விளம்பரம் மறைக்கும் எக்ஸ்டென்ஷன் போனால், குறைந்த டேட்டாவில் ஓடுகிற எங்களுக்கு அது நேரடி நட்டம்.

உபுண்டுவில் இருந்துகொண்டே டெப் வேண்டும் என்றால் மொஸில்லாவே ஆப்ட் களஞ்சியம் (டெப் பொதிகளை இறக்கும் இணைய இடம்) நடத்துகிறது. 2024 ஜனவரியில், 122ஆம் பதிப்போடு நிலையான பதிப்புக்கும் அது வந்தது. அதைச் சேர்த்துவிட்டு, அந்தக் களஞ்சியத்துக்கே முன்னுரிமை என்றும் கட்டாயம் அமையுங்கள். இல்லாவிட்டால் உபுண்டுவின் பொதி மறுபடி ஸ்னாப்பையே கொண்டுவந்து இருத்தும். ஸ்னாப்பின் புரொஃபைல் (உங்கள் அமைப்புகளும் சேமித்தவையும்) தனிக் கோப்புறையில் இருப்பதால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தாமாக வராது, நீங்கள்தான் எடுத்துவர வேண்டும். தமிழ் இடைமுகம் பாவிப்பவர்கள் மொழிப் பொதியையும் அதே களஞ்சியத்தில் இருந்து தனியாக நிறுவ வேண்டும்.

இப்போது என் முடிவு இதுதான். கடை, டியூஷன் வகுப்பு, நூலகம் என்று பலர் கை வைக்கும் மெஷினுக்கு டெப், அதுவும் ஆட்கள் வருமுன். கல்முனையில் இருக்கிற என் அக்கா மாதிரி, ஃபைபர் இணைப்பும் ஒரே மெஷினும் வைத்துக்கொண்டு அப்டேட் என்ற சொல்லையே கேட்க விரும்பாதவர்களுக்கு ஸ்னாப்பே போதும். 32 பிட் மெஷின் இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டுமே உதவாது. லினக்ஸில் 32 பிட்டுக்கு வந்த கடைசி வழமையான பதிப்பு 144. அதற்குப் பிறகு 140 நீண்டகால ஆதரவுப் பதிப்பில்தான் கொஞ்சக் காலம் தள்ளலாம், அதற்குள் வேறு மெஷின் பாருங்கள்.