ஓபிஜி பார்க்காமல் கிளிப்புக்குப் பல் பிடுங்க விடாதீர்கள்

பாதிக்கப்பட்டது 13 வயதுப் பெண். மேல் பல் கொஞ்சம் தூக்கல். ‘பேக்கேஜ்’ பேசி, டார்ச் அடித்துப் பார்த்து, அச்சு எடுத்து, மறு வாரமே நான்கு பல்லைப் பிடுங்கி கிளிப் ஒட்டிவிட்டார்கள். சீட்டில் எழுதியிருந்த பல் எண்கள்: 14, 24, 34, 44. கோரைப்பல்லுக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பற்கள், கிளிப்புக்கு இடம் வேண்டி வழக்கமாக எடுப்பவைதான். இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை.

எட்டாவது மாதம் கீழே ஒரு பல் ஆடியது. பார்த்தால் அது பால் கடைவாய்ப்பல்! அப்புறம் எடுத்த ஓபிஜியில், கீழே இரண்டு பக்கமும் இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லுக்கு (35, 45) முளையே இல்லை. பிறவியிலேயே உருவாகவில்லை.

யாரும் எதிர்பார்க்க முடியாத அதிசயமில்லை இது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், பிறவியில் இல்லாமல் போவதில் இந்தப் பல்லும் மேல்வரிசைப் பக்கவாட்டு முன்பல்லும்தான் அதிகம். முதலிலேயே தெரிந்திருந்தால் கீழே அந்த இடத்துப் பால்பற்களான 75, 85ஐ எடுத்துவிட்டு, நல்ல 34, 44ஐ வைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது நல்லது போய்விட்டது, ஆயுள் இல்லாதது நிற்கிறது. அதுவும் விழுந்தால் பக்கத்துக்கு இரண்டு பல் இடம் காலி. அவ்வளவையும் கம்பியால் மூடுவது பெரும்பாடு. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்றால் தாடை வளர்ச்சி முடிய வேண்டும். முன்பே வைத்தால் பக்கத்துப் பற்கள் வளர்ந்து மேலேற, அது மட்டும் பள்ளத்தில் நிற்கும்.

வீட்டிலேயே சந்தேகப்படலாம். கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டு சிறிய பல், அப்புறம் பெரிய கடைவாய்ப்பல் என்பதுதான் வரிசை. இரண்டாவது இடத்தில் ஒரு குட்டிக் கடைவாய்ப்பல், கொஞ்சம் வெளுப்பாக, தேய்ந்து நின்றால் அது பால்பல். அதன் அகலம் சுமார் 10 மி.மீ.; அந்த இடத்துக்கு வரவேண்டிய பல்லோ 7 மி.மீ.தான்.

மேல் கோரைப்பல்லையும் கவனியுங்கள். 10 வயதில் மேல் ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் அதன் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படவில்லை, பக்கத்து முன்பல்லும் கூம்பு போலச் சிறுத்திருக்கிறது என்றால், கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் படுத்திருக்கலாம். தெரியாமல் கம்பி போட்டு இழுத்தால் முன்பல்லின் வேர் அதில் உரசிக் கரையக்கூடும். சீக்கிரம் கண்டுபிடித்தால், பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல பிள்ளைகளுக்குத் தானாக வழிக்கு வந்துவிடும்.

ஓபிஜிக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. எடுத்ததும் படத்தில் டாக்டரோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள்: ஞானப்பல்லும் பால்பல்லும் நீங்கலாக மேலே 14 பல், கீழே 14 பல், முளைத்ததும் உள்ளே இருப்பதும் சேர்த்து. எண்ணி முடித்த பிறகு பிடுங்கும் சீட்டை எழுதட்டும்.